அப்புச்சியும் அம்மாயியும் ஊழியம் செய்யும் ஊருக்குப் பிள்ளைகளோடு போவது எப்படி

என் அப்பா, அதாவது என் பிள்ளைகளுக்கு அப்புச்சி, கோபி பக்கம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா, அவர்களுக்கு அம்மாயி, நர்ஸ். ரெண்டு பேரும் ஓய்வு பெற்ற கையோடு தோட்டத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்காருவார்கள், லீவு விட்டால் பிள்ளைகளை அங்கே தள்ளிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர்களோ சபையில் பேசி, கையெழுத்துப் போட்டு, மேற்குக் கென்யாவில் விக்டோரியா ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மிஷன் பள்ளிக்கும் அதை ஒட்டின சிறு ஆஸ்பத்திரிக்கும் கிளம்பிவிட்டார்கள். ஈரோட்டுக்காரர்களுக்கு பிரப் ரோடு தெரியும், அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான பிரப் ஐயர் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்த மிஷனரி. அந்தக் காலத்தில் அங்கிருந்து இங்கே வந்தார்கள், இப்போது இங்கிருந்து இன்னொரு ஊருக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று அப்பா சொன்னபோது எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

நாங்கள் நாலு பேர் (நான், வீட்டுக்காரர், பதிமூன்று வயது மகன், எட்டு வயது மகள்) போய் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்த பிறகு, சபையிலும் சொந்தத்திலும் நாலைந்து குடும்பங்கள் ஒரே கேள்விகளைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் எழுதுவது கென்யாவை வைத்து. வேறு நாடென்றால் விசா, ஊசி விவரங்கள் மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. ஒரம்பரையாக, அதாவது விருந்தாளியாக, போகாதீர்கள். நம் ஊரில் மகள் பிள்ளைகளோடு வந்தால் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டார், அப்பா கறிக்கடைக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். அங்கே அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். வேலைக்குப் போகிற ரெண்டு பேர் வீட்டில் தங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு திட்டம் போட்டால் பாதிச் சிக்கல் வராது. நான் அப்படி நினைக்காமல் போனதால் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

தேதியை அவர்களிடம் கேளுங்கள்

நமக்கு லீவு என்றால் ஏப்ரல், மே. கென்யாவில் மார்ச்சிலிருந்து மே வரைக்கும் பெருமழைக் காலம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சிறுமழை. மழை என்று பயப்பட வேண்டியதில்லை, பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும், ஆனால் மண் ரோடு உள்ள ஊரென்றால் வண்டி சேற்றில் உட்கார்ந்துவிடும். பள்ளிக்கூடம் அங்கே ஜனவரியில் தொடங்கி மூன்று பருவமாக நடக்கிறது, ஏப்ரலில் லீவு விட்டு மே தொடக்கத்தை ஒட்டித் திறக்கிறார்கள். அப்புச்சி பாடம் நடத்துவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் மே, அப்புச்சி பிள்ளைகளோடு சும்மா இருக்க வேண்டுமென்றால் ஏப்ரல். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே கேட்டிருந்தால் டிக்கெட்டை மாற்றியிருப்பேன்.

நாங்கள் போய் இறங்கின வாரம் அம்மாவுக்கு வெளியூர்க் கிராமங்களில் தடுப்பூசி முகாம். காலை ஆறரைக்கு ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் வருவார். நான் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள், "இதுக்காம்மா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்டேவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "தேதி போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே கண்ணு" என்றார். டிக்கெட் மலிவாகக் கிடைத்த ஜோரில் போட்டுவிட்டு, ஆச்சரியப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, அப்புறம்தான் போன் செய்து சொன்னேன். வயதானவர்கள் ஆச்சரியத்தை எல்லாம் கேட்கவில்லை, முன்கூட்டிச் சொல்வதைத்தான் கேட்கிறார்கள்.

சரி, எத்தனை நாள் தங்குவது? ஒரு வாரம் போதாது, போகவும் வரவும் களைப்பு தீரவுமே நாலைந்து நாள் போய்விடும். ஒரு மாதம் என்பது அவர்களுக்குச் சுமை. ரெண்டிலிருந்து மூன்று வாரம், அதில் ரெண்டு மூன்று நாள் நீங்களாக வெளியே எங்காவது போய்த் தங்கி அவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது நல்லது.

பாஸ்போர்ட்டும் அனுமதியும்

பெரியவர்களுடைய பாஸ்போர்ட் பத்து வருஷம் என்பது நினைவிருக்கும், பிள்ளைகளுடையது ஐந்து வருஷம்தான் என்பது மறந்துபோகும். என் மகனுடையது தீர ரெண்டு மாதம்தான் இருந்தது. திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிக்காரர்களுக்கு மண்டல அலுவலகம் கோவைதான், அவிநாசி ரோட்டில் இருக்கும் சேவா கேந்திரத்துக்குப் போனோம். சிறுவர்களுக்குக் கட்டணம் 1000 ரூபாய், பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1500. அனெக்சர் டி என்ற படிவத்தில் தாய் தகப்பன் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் வெளியூரில் இருந்தால் இதிலேயே ஒரு வாரம் போகும். ஏப்ரல், மே என்றால் கூட்டம், அதனால் டிசம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசா என்பதை எடுத்துவிட்டு மின்னணுப் பயண அனுமதி என்று வைத்திருக்கிறது. அரசு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், ஆளுக்கு முப்பது டாலர் சொச்சம், பிள்ளைகளுக்கும் தனித்தனியாகவே நாங்கள் போட்டோம். அதே மாதிரித் தோற்றத்தில் ரெண்டு மடங்கு காசு பிடுங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, முகவரி அரசுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்று நாளில் வந்துவிடும் என்பார்கள், நீங்கள் ரெண்டு வாரம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிடம் கேட்பார்கள். தங்குமிடத்துக்கு அப்பா மிஷன் வளாகத் தாளில் ஓர் அழைப்புக் கடிதமும் தன்னுடைய பணி அனுமதியின் நகலும் அனுப்பினார். அங்கே மிஷனரிகளுக்கு என்றே 'ஐ' வகுப்புப் பணி அனுமதி உண்டு.

இதில் ஒரு சின்ன விஷயம். பயணக் காரணம் கேட்கும் இடத்தில் குடும்பத்தைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் எழுதுங்கள், அதுதான் உண்மையும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் ஆர்வக் கோளாறில் "ஊழியத்தில் உதவி செய்ய" என்று எழுதப் பார்த்தார். அதற்கு வேறு அனுமதி வேண்டும், பார்வையாளராகப் போகிறவர் போய் வகுப்பெடுப்பதோ முகாம் நடத்துவதோ கூடாது. நாம் ஏதாவது தவறாகச் செய்தால் நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவோம், பதில் சொல்ல வேண்டியது அங்கேயே இருக்கப் போகிற அவர்கள்.

ஊசி, மாத்திரை

இதை மட்டும் ரெண்டு தடவை படியுங்கள். நாங்கள் டிக்கெட் எடுத்த இடத்தில், "இந்தியாவிலிருந்து போறவங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கேக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது கேட்காமல் இருக்கலாம், திரும்பி வரும்போது நம் நாடே கேட்கும். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் பட்டியலில் இருக்கிறது, அந்த நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வந்தால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதனால் கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும், அந்தச் சின்ன மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போடுவது? தெருமுனை கிளினிக்கில் கிடைக்காது, அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் மட்டும்தான். நாங்கள் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டோம், ராத்திரி திருப்பூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறி அடுத்த ராத்திரி அதிலேயே திரும்பினோம். குப்பியைத் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டிய மருந்து என்பதால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள், நாளும் நேரமும் கேட்டுக்கொண்டு போங்கள். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைக்குப் போடமாட்டார்கள். முட்டை ஒவ்வாமை, கர்ப்பம், அறுபது வயதுக்கு மேல் என்றால் முதலில் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சமயத்தில் எம்.எம்.ஆர். மாதிரி வேறு உயிர்த் தடுப்பூசி ஏதாவது போட வேண்டியிருந்தால் அதே நாளில் அல்லது நாலு வாரம் இடைவெளி விட்டுப் போடச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மலேரியா. நைரோபி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், நம் குன்னூர் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அங்கே ஆபத்து மிகக் குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கம் அப்படி இல்லை, வருஷம் முழுக்க உண்டு. முன்தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவர் பிள்ளையின் எடையைப் பார்த்துச் சொல்வார். டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழே கொடுக்கமாட்டார்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்தது அடோவாகோன்-புரோகுவானில், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்னால் தொடங்கி, அங்கே இருக்கிற எல்லா நாளும், ஊருக்கு வந்து ஏழு நாளும் விழுங்க வேண்டும். இதெல்லாம் அம்மாயி நர்ஸ்தானே, அங்கே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். "என்ர ஆஸ்பத்திரி மருந்து இந்த ஊர் சனத்துக்கு" என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்.

பயணக் காப்பீடு எடுங்கள், எடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

விமானம்

நாங்கள் போனது கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து நைரோபி, ரெண்டும் ஏர் அரேபியா. மும்பை போய் அங்கிருந்து நேராக நைரோபி போகும் வழியும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குக் கோவை வழிதான் என் ஓட்டு, பீளமேட்டில் ஏறினால் அடுத்த மண் வெளிநாட்டு மண், நடுவில் மும்பையில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு முனையம் மாற வேண்டியதில்லை. நைரோபியிலிருந்து ஏரிக்கரை ஊரான கிசுமுவுக்கு உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரத்துக்குள். சாலை வழியாகப் போனால் 350 கிலோமீட்டர் சொச்சம், ஏழு எட்டு மணி நேரம் ஆகும். போகும்போது களைப்பில் விமானத்தில் போங்கள், வரும்போது சாலையில் வாருங்கள். நக்குரு வருவதற்கு முன்னால் கெரிச்சோ பக்கம் மலை மலையாகத் தேயிலைத் தோட்டம், என் மகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, "அம்மா, வால்பாறை வந்துருச்சு" என்றாள். ராத்திரியில் மட்டும் சாலைப் பயணம் வேண்டாம், அங்கே இருப்பவர்களே போகமாட்டார்கள்.

பெட்டி கட்டுவது

இங்கேதான் நம் ஆட்கள் தவறு செய்கிறார்கள், நானும்தான். முதல் விஷயம் பிளாஸ்டிக் கவர். கென்யாவில் 2017 ஆகஸ்ட் 28லிருந்து பிளாஸ்டிக் கவர்களுக்குத் தடை, பேருக்கு வைத்த தடை இல்லை, லட்சக்கணக்கான ஷில்லிங் அபராதமும் நாலு வருஷம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது. பயணிகளைச் சிறையில் போடுவதில்லை, விமான நிலையத்தில் கவரை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் நம் வீட்டுப் பெட்டியில் எது கவர் இல்லாமல் இருக்கிறது? செருப்புக்கு ஒரு கவர், பொடிக்கு ஒரு கவர், அந்தக் கவர் கிழிந்தால் என்று இன்னொரு கவர். எல்லாவற்றையும் பிரித்துத் துணிப்பைக்கு மாற்ற எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது. கல்யாண வீடுகளில் கொடுத்த மஞ்சப்பைகள் பீரோவுக்கு அடியில் கிடந்தன, அதையெல்லாம் எடுத்தேன். அங்கே பள்ளி டீச்சர்கள் அந்த மஞ்சப்பைகளைத்தான் முதலில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், எங்கள் மாமன் மகள் கல்யாணத் தேதி அச்சடித்த பை இப்போது கிசுமு சந்தையில் தக்காளி சுமக்கிறது.

ரெண்டாவது, ஷார்ஜா வழியாகப் போகிறீர்கள் என்றால் கசகசா கூடவே கூடாது. அரபு நாட்டில் அது போதைப்பொருள் கணக்கு. தனியாக யாரும் எடுத்துப் போகமாட்டோம், ஆனால் வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா போட்டிருக்கிறோமா என்று யாருக்கு நினைவிருக்கும்? எனக்குச் சந்தேகம் வந்ததும் ஒரு கிலோ பொடியை அப்படியே பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வேறு அரைத்தேன். கடும் வலி மாத்திரை, இருமல் மருந்து சிலவற்றுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு, மருந்துச் சீட்டு இல்லாமல் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, முளைக்கக்கூடிய எதுவும் வேண்டாம். அம்மா போனில், "ஒரு கைப்பிடி முருங்கை விதை, அவரை விதை, சுரை விதை கொண்டா" என்றார். செடி, விதைக்கெல்லாம் கென்யாவில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கறிவேப்பிலைக் கொத்துக்கும் இதே கதிதான். கொப்பரையும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், எண்ணெய்ப் பசை உள்ளதால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். வறுத்து அரைத்த பொடிகளுக்கு எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை: கொள்ளுப்பொடி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, சாம்பார்ப்பொடி.

துவரம்பருப்பு, மஞ்சள், புளி இதையெல்லாம் சுமக்காதீர்கள். கிசுமுவில் இந்தியக் கடைகள் இருக்கின்றன. 1901இல் ரயில் பாதை ஏரிக்கரையைத் தொட்டதிலிருந்தே நம் நாட்டுக்காரர்கள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் குஜராத்திக்காரர்கள். ஈரோட்டுக்காரி மஞ்சள் வாங்க கிசுமு கடைக்குப் போனது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அரிசியும் பருப்பும் சாதம் அதே மணத்தோடு வந்தது.

பரிசு என்ன கொண்டு போவது? வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஐந்து டஜன் டீஷர்ட் கட்டத் தயாராக இருந்தார். அப்பா தடுத்துவிட்டார். ஒன்று, புதுத் துணி லேபிளோடு டஜன் கணக்கில் இருந்தால் சுங்கத்தில் வியாபாரச் சரக்காகப் பார்ப்பார்கள். இன்னொன்று, நாற்பது பேர் வகுப்பில் பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டு நாம் வந்துவிடுவோம், மீதி முப்பது பேரோடு உட்கார வேண்டியது அவர். கேட்டதற்கு, "மிஷனரி வீட்டுக்கு ஒரம்பரை வந்தா ஏதாச்சும் குடுப்பாங்கன்னு ஊர் எதிர்பார்க்க ஆரம்பிச்சிரும், அது வேண்டாம்" என்றார். அதனால் அவரிடம் கேட்டு, கணக்கு வகுப்புக்கு ஜியோமெட்ரி பாக்ஸ்கள், ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குச் சென்னிமலைப் போர்வை ஆறு, போதகருக்கு ஒரு சின்ன பவானி ஜமக்காளம். எல்லாம் தலைமை ஆசிரியர் கையில், நர்ஸ் கையில், பேர் சொல்லாமல். வீட்டுக்காரர் தன் பங்குக்கு மிட்டும்பா சந்தையைச் சுற்றிவிட்டு வந்தார். மூட்டை மூட்டையாக வெளிநாட்டுப் பழைய துணி இறங்கும் சந்தை அது. ஒவ்வொரு தையலையும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றவரை இழுத்து வருவது பெரும்பாடாகிவிட்டது.

பிளக் மறந்துவிடாதீர்கள், அங்கே சதுரக் கால் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை. ரெண்டு மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் பேசிவைப்பது

என் மகள் சிங்கம் வாசலில் நிற்கும் என்று நினைத்தாள். மகன் வைஃபை இருக்குமா என்று மட்டும் கேட்டான். ரெண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: நாம் போவது அப்புச்சி வேலை பார்க்கிற இடத்துக்கு, அங்கே தண்ணீர் தொட்டியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர், கரண்ட் போனால் போனதுதான், ராத்திரி எட்டரைக்கு எல்லோரும் கொசுவலைக்குள். போவதற்கு ஒரு மாதம் முன்பே ஞாயிறு சாயங்காலம் வீடியோ அழைப்பில் அப்புச்சி சுவாஹிலி சொல்லிக்கொடுத்தார். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ", அவர்கள் "மரஹாபா" என்பார்கள். நன்றிக்கு "அசாந்தே". அந்தப் பக்கத்து லுவோ மொழியில் நன்றிக்கு "எரோகமானோ". என் மகள் கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, கண்டவர்களிடமெல்லாம் சொல்லி, ஊரையே கைக்குள் போட்டுக்கொண்டாள்.

மணி சொல்வதில் குழப்பம் வரும். சுவாஹிலியில் விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. யாராவது சுவாஹிலியில் நேரம் சொன்னால் ஆறு கூட்டிக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். அப்புறம், அவர்கள் நம்மைவிட ரெண்டரை மணி நேரம் பின்னால். ஊருக்குப் போன் பேசும்போது நினைவிருக்கட்டும், அங்கே ராத்திரி ஒன்பது என்றால் மாமியார் இங்கே தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

அங்கே இறங்கின பிறகு

பணத்துக்கு டாலர் எடுத்துப் போங்கள், புதிய அச்சு, மடிப்பு இல்லாத நோட்டு, பழைய நோட்டுகளை மாற்ற மறுத்துவிடுவார்கள். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் வாங்கி எம்பெசா போட்டுக்கொண்டால் போதும். 2007இலிருந்து நடக்கும் சேவை அது, நம் ஊரில் ஜிபே வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அங்கே வாழைப்பழம் விற்கிற அம்மா போனில் காசு வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஷில்லிங் ஏறக்குறைய நம் அறுபத்தைந்து, எழுபது பைசா.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், அதுவும் நம் பக்கத்துக்காரர்களுக்கு. உகாலி என்பது மக்காச்சோள மாவுக் களி. நம் ஊர் மக்காச்சோளம் பாதி பல்லடம் கோழித் தீவனத்துக்குப் போய்விடுகிறது, அங்கே அதுதான் சோறு. காலையில் உஜி என்று கூழ் குடிக்கிறார்கள், அதில் கேழ்வரகும் உண்டு, அதற்கு அங்கே பேர் விம்பி. கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்காதான். மனாகு என்று ஒரு கீரை, கிண்ணத்தில் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நம் மணத்தக்காளியின் சொந்தக்காரன். குண்டே என்பது தட்டைப்பயற்று இலை. அம்மா இதையெல்லாம் கடைந்து வைத்திருந்தார், மகன் எதுவும் கேட்காமல் களியை உருட்டிக் குழி பண்ணித் தொட்டுக்கொண்டான். வீட்டில் ராகிக் களி என்றால் முகம் சுளிக்கிறவன்!

சமையலில் நீங்கள் ஒரு நேரத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்துச் சண்டைக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு, பாத்திரம் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஆனது. அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்து காலை நீட்டி உட்கார்ந்து சூடாக ஒரு தட்டு ரசம் சாதம் சாப்பிட்டதை எண்ணிப் பார்க்கிறேன், என் கையால் அவர் சாப்பிட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

ஏரியில் கால் வைக்காதீர்கள். கொடிவேரியில் குதித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். விக்டோரியா ஏரித் தண்ணீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு, கரையோரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றாலே தோல் வழியாக ஏறிவிடும். படகில் போகலாம், கிசுமு பக்கம் டுங்கா கடற்கரை என்று சொல்லும் இடத்தில் காலையில் நீர்யானை பார்க்கலாம், பொரித்த திலேப்பியா மீன் சாப்பிடலாம்.

பிள்ளைகளுக்கு வேறு என்ன? கிசுமுவிலிருந்து புசியா போகும் சாலையில் மசேனோ என்ற ஊரில் பூமத்தியரேகை போகிறது, அடையாளம் நட்டிருக்கிறார்கள், ஒரு கால் வடக்கே ஒரு கால் தெற்கே வைத்துப் படம் எடுக்கலாம், காசு செலவில்லை. சிங்கம்தான் வேண்டுமென்றால் திரும்பும் வழியில் நக்குரு தேசியப் பூங்காவில் ஒரு நாள் போதும். மசாய் மாரா நல்ல இடம்தான், ஆனால் வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணமே பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு நூறு டாலர், ஜூலைக்கு மேல் இன்னும் ஏறும். பாட்டி தாத்தாவைப் பார்க்கப் போன பயணத்தை அதைச் சுற்றி அமைத்துவிட்டால் அவர்களோடு இருக்கும் நாள் கரைந்துவிடும்.

ஞாயிறு ஆராதனைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வந்தவர்களை எழுப்பி நிறுத்தி அறிமுகம் சொல்லச் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு ரெண்டு வரி சொல்லிக்கொடுத்து வையுங்கள். ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த முட்டை, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் வாசலில் ஏலம் விட்டார்கள், நம் அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரியே, கத்துகிறவர் குரல் உட்பட. வீட்டுக்காரர் வேகத்தில் கை தூக்கி ஒரு சேவலை எடுத்துவிட்டார். அது மறுநாள் காலை நாலு மணிக்குக் கூவித் தன்னுடைய விதியைத் தேடிக்கொண்டது.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். ஆஸ்பத்திரியில், பள்ளியில், வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளைகளை எடுக்காதீர்கள். போலீஸ், ராணுவம், விமான நிலையப் பக்கம் கேமராவைத் தூக்கவே வேண்டாம். "ஆப்பிரிக்க ஏழைப் பிள்ளைகள்" என்று நம் குழுக்களில் சுற்றும் படங்களில் இருப்பது அப்பாவிடம் படிக்கும் ஏதோ ஒரு பையனாகவும் இருக்கலாம், அவனுக்கும் போன் இருக்கிறது, அவனும் பார்ப்பான். நாங்கள் எடுத்ததில் வெளியே காட்டுவது அப்புச்சி கரும்பலகை முன்னால் முதுகு காட்டி நிற்கும் படம் ஒன்றுதான்.

கிளம்பும்போதும் வந்த பிறகும்

கிளம்புகிற நாள் அவர்களுக்கு வேலை நாளாக இருந்தால் வழியனுப்ப வரச்சொல்லி நிற்காதீர்கள். எங்களுக்குப் புதன்கிழமை, அம்மாவுக்குக் கர்ப்பிணிகள் நாள். காலை ஏழுக்கு ஆஸ்பத்திரி கேட்டிலேயே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து முடித்துக்கொண்டோம், அவருக்குப் பின்னால் அறுபது பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். அப்பா மட்டும் முதல் வகுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு மெயின் ரோடு வரைக்கும் எங்களோடு நடந்து வந்தார்.

மஞ்சள் புத்தகங்களைக் கைப்பையில் மேலாக வையுங்கள், பெட்டிக்குள் போட்டுவிட்டு கோவையில் வரிசையில் நின்று தேடக்கூடாது. விதை, கீரை, தேயிலைக் கன்று எதையும் இந்தப் பக்கமும் கொண்டுவரக் கூடாது. கெரிச்சோ தேயிலைத் தூள் கொண்டு வரலாம், நாலு பாக்கெட் கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஏழு நாள் மாத்திரையை விடாதீர்கள், பிள்ளைகள் "அதான் வந்தாச்சே" என்று ஏமாற்றப் பார்ப்பார்கள். அதற்கப்புறமும் சில மாதங்களுக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால், சாதாரணக் காய்ச்சல்தான் என்று கடையில் மாத்திரை வாங்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய், "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தோமுங்க, மலேரியா ரத்தப் பரிசோதனை எழுதிக் குடுங்க" என்று நீங்களாகவே சொல்லுங்கள். என் மகளுக்கு மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்து, பரிசோதித்ததில் வெறும் சளிக் காய்ச்சல். அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து சொன்னபோது, "ரிப்போர்ட்டப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாக்கறேன்" என்றார். அனுப்பினேன். பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் தடுப்பூசி முகாம் எந்த வாரம் என்று இப்போதே சொன்னார்.